ஜாயின்ட் டெனன்ட்ஸா, டெனன்ட்ஸ் இன் காமனா?

இங்கிலாந்தில் இருவர் சேர்ந்து வீடு வாங்கும்போது சொலிசிட்டர் (பத்திர வேலையைக் கவனிக்கும் வக்கீல்) இந்தக் கேள்வியைக் கேட்பார். பலர் யோசிக்காமல் ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிடுகிறார்கள். 'டெனன்ட்' என்றதும் வாடகை என்று நினைக்க வேண்டாம். இரண்டுமே சொந்த வீட்டுக்கான முறைகள்தான்.

பங்கு
ஜாயின்ட்: முழு வீடும் இருவருக்கும் சேர்ந்தே, தனிப் பங்கு இல்லை.
காமன்: 50-50, 70-30 என விருப்பம்போல் பிரிக்கலாம்.

ஒருவர் இறந்தால்
ஜாயின்ட்: வீடு தானாகவே மற்றவருக்கு. உயிலில் வேறு யாருக்கு எழுதியிருந்தாலும் செல்லாது.
காமன்: இறந்தவரின் பங்கு உயில்படி போகும். உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டப்படி. திருமணம் செய்யாமல் எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் அந்தச் சட்டம் துணைக்குத் தானாக எதுவும் தராது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

செலவு
ஜாயின்ட்: கூடுதலாக ஒன்றுமில்லை.
காமன்: பங்கைப் பதிவுசெய்யும் டிரஸ்ட் பத்திரத்துக்கு சொலிசிட்டர் கட்டணம். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மாற்றுவது
ஜாயின்ட்டிலிருந்து காமனுக்கு ஒருவரே எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து மாறலாம். மற்றவரின் சம்மதம் தேவையில்லை. திரும்ப வர இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மார்ட்கேஜில் வித்தியாசமில்லை: எந்த முறையானாலும் முழுக் கடனுக்கும் இருவருமே பொறுப்பு.

சமமாகப் பணம் போட்ட கணவன் மனைவிக்கு ஜாயின்ட் போதும். ஒருவரின் பெற்றோர் டெபாசிட் கொடுத்திருந்தாலோ, முதல் திருமணத்தில் பிள்ளைகள் இருந்தாலோ, நண்பர்கள் சேர்ந்து வாங்கினாலோ காமன்தான் சரி. அதே வாரம் உயிலையும் எழுதிவிடுங்கள்.