சிவிசிஆர்எம்மில் யாருக்கு எவ்வளவு அனுமதி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எக்செல்லிலிருந்து சிவிசிஆர்எம் என்ற உறுப்பினர் நிர்வாக மென்பொருளுக்கு மாற்றியபோது எல்லாரும் கேட்டது இரண்டுதான்: சந்தா நினைவூட்டல் தானாகப் போகுமா, ரசீது வருமா. யார் எதைப் பார்க்கலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை வருடங்களில் என் நேரத்தை அதிகம் தின்றது அந்தக் கேட்காத கேள்விதான்.

இணையதளம் நடத்தும் வேர்ட்பிரஸ்ஸோடு சேர்த்து நாங்கள் இதை ஓட்டுகிறோம். இங்கே அனுமதிக்கு இரண்டு அடுக்கு உண்டு. முதல் அடுக்கு வேர்ட்பிரஸ் ரோல்களுக்கு (பயனர்களுக்குக் கொடுக்கும் பொறுப்பு வகைகளுக்கு) நேராக டிக் போடும் நீண்ட பட்டியல்: எல்லாத் தொடர்புகளையும் (பட்டியலில் உள்ள ஆட்களின் பதிவுகளை) பார்க்கலாம், திருத்தலாம், உறுப்பினர் பதிவைத் திருத்தலாம், நீக்கலாம் என்று தனித்தனியாக. இரண்டாவது, சிவிசிஆர்எம்முக்குள்ளேயே இருக்கும் ஏசிஎல், அதாவது அணுகல் கட்டுப்பாட்டு விதிகள். இந்தக் குழுவில் இருப்பவர் அந்தக் குழுவின் தகவலை மட்டும் பார்க்கலாம் என்று வகுத்துக்கொடுப்பது அதுதான்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில். கிளைப் பொறுப்பாளருக்குத் தன் கிளை உறுப்பினர்கள் மட்டும் தெரிய வேண்டும் என்று ஏசிஎல் எழுதுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அவருக்கு மொத்தப் பட்டியலும் தெரியும். காரணம், வேர்ட்பிரஸ் பக்கம் அவருடைய ரோலில் 'எல்லாத் தொடர்புகளையும் பார்க்கலாம்' என்பதில் டிக் இருக்கும். ஏசிஎல் அனுமதியைக் கூட்டித்தான் கொடுக்கும். மேல் அடுக்கில் ஏற்கெனவே கொடுத்ததைக் குறைக்காது. அகலமான டிக்கை எடுத்துவிட்டு, தேவையானதை மட்டும் ஏசிஎல்லில் சேர்ப்பதுதான் வழி. இயல்புநிலையில் அனுமதி இல்லை, தேவைப்பட்டால் கொடு என்பது கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975லேயே எழுதிவைத்த கொள்கை. பிந்தைய பதிப்புகளில் மறுக்கும் விதியும் வந்திருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை. கொடுப்பதும் மறுப்பதும் கலந்து கிடந்தால், ஆறு மாதம் கழித்து நாமே எழுதிய விதி நமக்கே புரியாது.

ஏசிஎல் அமைக்கும் முறை கொஞ்சம் சுற்றுவழிதான். 'கிளைப் பொறுப்பாளர்' என்று ஒரு ஏசிஎல் ரோல். அந்த ரோலை ஒரு குழுவோடு இணைக்க வேண்டும். பொறுப்பாளர்கள் இருக்கும் குழு இது. குழு அமைப்பில் 'அணுகல் கட்டுப்பாடு' என்ற வகையை டிக் செய்யாவிட்டால் ரோலை இணைக்கும்போது அந்தக் குழு பட்டியலிலேயே வராது. கடைசியாக, அந்த ரோல் எந்தக் குழுவின் தகவலைப் பார்க்கலாம், திருத்தலாம் என்ற விதி. பார்ப்பவர்கள் குழு ஒன்று, பார்க்கப்படுபவர்கள் குழு இன்னொன்று. பெயர் வைக்கும்போதே 'அனுமதி – வடக்குக் கிளை', 'உறுப்பினர் – வடக்குக் கிளை' என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

பார்க்கப்படுபவர்கள் குழுவை ஸ்மார்ட் குழுவாக, அதாவது தேடல் நிபந்தனைக்குப் பொருந்துபவர்களைத் தானாகச் சேர்க்கும் குழுவாக வைத்திருக்கிறோம். உறுப்பினர் கிளை மாறினால் குழுவும் தானாக மாறிவிடும். ஸ்மார்ட் குழுவின் கேச் (சேமித்து வைத்த பட்டியல்) இயல்பாக 5 நிமிடம் என்பதால் மாற்றம் உடனே தெரியாது. 'இன்னும் வரலையே' என்று பொறுப்பாளர் கூப்பிட்டால் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள் என்பேன்.

எல்லாரும் பயப்படுவது யாராவது தெரியாமல் நீக்கிவிடுவார்களோ என்றுதான். எனக்கு அந்தப் பயம் குறைவு. சாதாரணமாக நீக்கினால் தொடர்பு குப்பைத்தொட்டிக்குத்தான் போகும், மீட்டுவிடலாம். லாகிங் வசதியைப் போட்டு வைத்திருந்தால் யார் எப்போது எதை மாற்றினார் என்பதும் பதிவாகும். ஆனால் பார்த்ததற்கு அந்த லாகில் தடம் இல்லை. தேடலில் வந்த பெயர், தொலைபேசி எண், முகவரி எல்லாவற்றையும் ஒருவர் சிஎஸ்வியாக இறக்கிக்கொண்டு போனால், அதற்குப் பிறகு எந்த அனுமதியை மாற்றியும் பயனில்லை. அதனால் திருத்தும் உரிமையைவிடப் பார்க்கும் உரிமையைக் கொடுக்கத்தான் நான் அதிகம் யோசிப்பேன். பொருளாளருக்குச் சந்தா விவரம் வேண்டும், சரி. செய்திமடல் அனுப்புகிறவருக்குப் பிறந்த தேதி எதற்கு? அதுபோன்ற தகவலைத் தனிக் கஸ்டம் புலத் தொகுப்பில் (நாமே உருவாக்கிக்கொள்ளும் கூடுதல் புலங்களில்) போட்டுவிட்டு, 'எல்லாக் கஸ்டம் தகவலையும் அணுகலாம்' என்ற டிக்கை எடுத்துவிடலாம். பிறகு யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு மட்டும் ஏசிஎல் வழியாகத் திறந்தால் போதும்.

கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. லாகின் செய்யாத பார்வையாளருக்கும் அனுமதிப் பட்டியலில் ஒரு பத்தி இருக்கிறது. அதில் புரொஃபைல் (தேர்ந்தெடுத்த புலங்களைக் காட்டும் படிவம்) பட்டியலைக் காட்டும் அனுமதியைக் கொடுத்தால், உறுப்பினர் விவரம் ஊருக்கே தெரிந்துவிடலாம். மற்றது சர்ச்கிட் என்ற சிவிசிஆர்எம் தேடல் கருவி. அதில் செய்த தேடல் காட்சிக்கு 'அனுமதிச் சோதனையைத் தவிர்' என்று ஒரு தேர்வு உண்டு. அது போட்டிருந்தால் மேலே சொன்ன ஏசிஎல் எதையும் அந்தக் காட்சி மதிக்காது. வெளியார் யாராவது தளத்தை அமைத்துக் கொடுத்திருந்தால் முதலில் இதைத் தேடிப் பாருங்கள்.

சோதிப்பதை அட்மின் லாகினில் செய்யவே கூடாது. அட்மினுக்கு எல்லாமே தெரியும். எது மறைந்திருக்கிறது என்று அங்கே எப்படித் தெரியும்? யூசர் ஸ்விட்சிங் என்ற வேர்ட்பிரஸ் பிளக்இன் இருந்தால் பொறுப்பாளராகவே மாறிப் பார்த்துவிடலாம்.

மூன்று பேர் நிர்வகிக்கும் சின்ன அமைப்புக்கு ஏசிஎல் தேவையே இல்லை, ரோல் டிக்குகளே போதும். கிளைகள் இருந்தால் மட்டும் இந்தப் பாடு படுங்கள். அப்படிப் படும்போது பொறுப்பாளர்கள் குழுவை மட்டும் ஸ்மார்ட் குழுவாக ஆக்க வேண்டாம், சாதாரணக் குழுவாகவே வையுங்கள். நிர்வாகம் மாறும்போது பழையவரைக் குழுவிலிருந்து எடுத்தாலே அவருக்கு அந்த ஏசிஎல் தந்த அனுமதி போய்விடும். அவருடைய பதிவில் பழைய குழுக்கள் என்ற இடத்தில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் நிற்கும். போன வருடம் இந்தப் பட்டியல் யார் கையில் இருந்தது என்று பொதுக்குழுவில் யாராவது கேட்டால், அந்தத் திரையைக் காட்டிவிடலாம்.