பிணத்தை விசாரித்த போப்பும் வாக்குச்சீட்டைக் கட்டாயமாக்கிய போப்பும்

போப்புகளைப் பற்றி யூடியூபில் தேடினால் ஆறாம் ஸ்தேவான் சீக்கிரமே கண்ணில் பட்டுவிடுவார். 897இல், முன்பு போப்பாக இருந்த ஃபொர்மோசுஸின் பிணத்தைத் தோண்டியெடுத்து, திருவுடை உடுத்தி நாற்காலியில் உட்காரவைத்து விசாரித்தவர் இவர். பிணத்தின் சார்பில் ஒரு திருத்தொண்டர் பதில் சொன்னார். அவர் போப்பாக இருந்ததும், கொடுத்த பட்டங்களும் செல்லாது என்ற தீர்ப்புக்குப் பிறகு வலக்கையின் மூன்று விரல்களை வெட்டி, உடலை டைபர் ஆற்றில் வீசினார்கள். ழான்-போல் லோரான் 1870இல் தீட்டிய அந்தக் காட்சிதான் இணையமெங்கும் சுற்றுகிறது.

போப் தேர்தலில் வாக்குச்சீட்டைக் கட்டாயமாக்கிய பதினைந்தாம் கிரகோரியை இப்படி யாரும் பகிர்வதில்லை. கிரகோரி என்றாலே நாள்காட்டி தந்த பதின்மூன்றாமவர்தான் நினைவுக்கு வருகிறார்.

சரி, யாருடைய செயல் நிலைத்தது? ஸ்தேவான் அதே ஆண்டில் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். அவருடைய தீர்ப்பை அடுத்து வந்தவர்கள் ரத்து செய்தார்கள். பிறகு போப்பான மூன்றாம் செர்ஜியுஸ் அதை மறுபடி கிளறியதால், ஃபொர்மோசுஸ் கையால் குருப்பட்டம் பெற்றவர்கள் திண்டாடினார்கள். ரோமின் கோஷ்டிச் சண்டையைப் புரிந்துகொள்ள உதவும் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் விளைவு அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டது.

கிரகோரி ஆண்டது 1621 பிப்ரவரி முதல் 1623 ஜூலை வரை மட்டுமே. அதற்குள் போப் தேர்தலுக்கு எழுத்துமூல ரகசிய வாக்கெடுப்பை முறைப்படுத்தினார். அதுவரை, போப்பைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்கள் கூட்டமாக ஒருவர் முன் போய் வணங்கியே அவரைப் போப் ஆக்கிவிட முடியும். எதிர்த்து நிற்பவர் எல்லோர் கண்ணிலும் படுவார். 2025 மே மாதம் பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்தபோதும், சிஸ்டைன் சிற்றாலயத்தில் சீட்டில் பெயர் எழுதி, மடித்து, சத்தியம் செய்து போட்டார்கள். முடிவைச் சொல்லும் புகைக்காக உலகமே புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களிலாவது கிரகோரியின் பெயர் அடிபட்டிருக்க வேண்டும்.

1622இல், கிறிஸ்தவத்தைப் பரப்பும் பணிகளைக் கவனிக்கும் ரோமின் மறைபரப்புப் பேராயத்தை நிறுவியதும், முத்துக்குளித்துறையில் உழைத்த பிரான்சிஸ் சவேரியாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததும் இவரே. அப்புறம் மதுரை. கிறிஸ்தவரான பிராமணர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்பது அங்கே பணியாற்றிய இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலியின் நிலைப்பாடு. அதை, போர்த்துகீசியத் திருச்சபையின் தலைமையிடமான கோவாவில் பலர் எதிர்த்தார்கள். 1623 ஜனவரி 31 அன்று கிரகோரி நிபந்தனைகளோடு அதை ஏற்றார். தமிழ்ப் பண்பாட்டுக்குக் கொடுத்த மதிப்பா, சாதியைக் கோயிலுக்குள் விட்ட வழியா? எனக்கு இரண்டாவதன் பக்கமே மனம் சாய்கிறது. அந்த விவாதம் தமிழ்த் திருச்சபையில் இன்னும் ஓயவில்லை. ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், பிணத்தின் வழக்கைவிட இந்த ஆணையைப் படிக்கவே சொல்வேன்.