கலாபகோஸ்: சிறு கப்பலா, கரையில் தங்கலா?

பசிபிக் கடலில் ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளை 16 பேர் ஏறும் சிறு கப்பலிலேயே தங்கிச் சுற்றலாம். இல்லையென்றால் சாந்தா குரூஸ் தீவில் அறை எடுத்துப் பகல் படகுகளில் போய்வரலாம்.

செலவு என்று பார்த்தால் பேச்சே இல்லை, கரைதான் மலிவு. சாந்தா குரூஸின் ஊரான புவேர்தோ அயோராவின் மீன் சந்தையில் துண்டுக்குக் காத்து நிற்கும் கடல்சிங்கத்தைப் பார்க்கக் காசும் வேண்டாம்.

ஆனால் கப்பல் இரவில் ஓடுகிறது, விடியும்போது ஃபெர்னாந்தினா. 2024 மார்ச்சில்கூட வெடித்த எரிமலைத் தீவு, ஆள் குடியில்லை, சாந்தா குரூஸ் பகல் படகுகளுக்கு எட்டாத தூரம். கருத்த லாவாவில் குவியலாகக் கிடக்கும் கடல் இகுவானாக்கள் என்னும் பெரிய பல்லிகள் மூக்கால் உப்புநீரைப் பீச்சும். பறக்க முடியாத நீர்க்காகம் குட்டைச் சிறகை விரித்து வெயிலில் காயவைக்கும். இதற்காகவே நான் கப்பல் கட்சி.

படகேறினாலே குமட்டுபவர்கள் மட்டும் ஆகஸ்ட், செப்டம்பரைத் தவிர்க்கலாம். கடல் அப்போது கொஞ்சம் முரடு.