ஸ்கைடைவிங் கேமரா ஹெல்மெட்: ஒட்டறதா, வாங்கறதா, நாமளே கட்டறதா?

நான் குதிக்கற இடத்துல ஒரு வயசான ரிக்கர் இருக்காரு, பாராசூட்டைச் சரி பாத்து மடிச்சுக் குடுக்கறவரு. யாரு புதுசா கேமரா ஹெல்மெட் கொண்டாந்தாலும் பாக்கெட்ல இருந்து ஒரு புல்-அப் கார்டை எடுப்பாரு, அதாங்க பாராசூட் பையை மூடறப்ப லூப்பை இழுக்கற நாடா, அதை ஹெல்மெட் மேல போட்டு முன்னால இருந்து பின்னால, இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்குனு சும்மா இழுத்துக்கிட்டே போவாரு. நாடா எங்க மாட்டுதோ அங்க பாராசூட் கயிறும் மாட்டும்னு அர்த்தம், அங்க ஒரு துண்டு மஞ்சள் டேப். பேச்சே கெடையாது, டேப்பை ஒட்டி கையில குடுத்துட்டு தன் வேலையைப் பாக்கப் போயிடுவாரு. என்னோட முதல் ஹெல்மெட்டுக்கு ஏழு டேப் விழுந்துச்சு.

இது நடந்தது அரிசோனா எலாய்ல. அதையும் சேத்து இதுவரைக்கும் மூணு ஹெல்மெட் பாத்துட்டேன், மூணும் மூணு வகை. இப்ப 200 ஜம்பை நெருங்கிட்டு இருக்கற நம்ம கோயம்புத்தூர் தம்பி ஒருத்தன் "அண்ணா எதை வாங்கட்டும்"னு கேட்டு தினம் ஒரு லிங்க் அனுப்பறான், வாய்ஸ் மெசேஜ்ல சொல்லிச் சொல்லி எனக்கு தொண்டை வறண்டு போச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

200 ஏன்னா, அமெரிக்க பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ சொல்றது அதுதான், கேமராவோட குதிக்க அவங்க குடுக்கற சி ரக லைசென்ஸும் கொறஞ்சது 200 ஜம்பும் வேணும்னு. குட்டி கோப்ரோ கேமராதானே, அதுக்கெதுக்கு இவ்ளோனு கேப்பீங்க. எடை பிரச்சனையே இல்ல, கவனம்தான் பிரச்சனை. 1988 ஏப்ரல்ல நார்த் கரோலினா லூயிஸ்பர்க்ல ஒரு கேமராமேன் பாராசூட்டே மாட்டாம ஃப்ளைட்ல இருந்து குதிச்சுட்டாரு, 800 ஜம்புக்கு மேல பண்ணின ஆளு. ரெக்கார்டர் பை முதுகுல கனமா இருந்ததால பாராசூட் போட்டிருக்கோம்னே நெனச்சிருப்பாருனு சொல்றாங்க. கேமரானா தலைக்குள்ள இன்னொரு வேலை ஓடுது, அவ்ளோதான்.

சரி, விஷயத்துக்கு வரேன். கையில மூணு வழி இருக்கு. ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்ல கோப்ரோ ஒட்டறது ஒண்ணு, கேமராவுக்குனே செஞ்ச ஓப்பன் ஃபேஸ் ஹெல்மெட் வாங்கறது ஒண்ணு, ஏதோ ஒரு பழைய ஹெல்மெட்டை எடுத்து நாமளே கட்டறது ஒண்ணு. எல்லாரும் வீடியோ குவாலிட்டிய வச்சுத்தான் முடிவு பண்றாங்க. நான் பாக்கறது வேற: பாராசூட்டோட லைன், அதாவது கயிறு, ஹெல்மெட்ல மாட்டினா இது என் தலையில இருந்து கழண்டு போகுமா?

மொதல்ல ஃபுல் ஃபேஸ். ஆஸ்திரேலியா குக்கி கம்பெனியோட ஜி4 மாதிரி. சுகம்னா சுகம், ஜனவரி மாசம் 13,000 அடியில கதவு தொறக்கறப்ப மூஞ்சில காத்து அறையாது, சத்தமும் கம்மி, தரையில பேசிக்கிட்டே வைசரைத் தூக்கி விட்டுக்கலாம். ஜி4க்கு எக்ஸ்பி எஸ் 72-600ங்கற பிரெஞ்சு தரச் சான்று இருக்கு, அதாவது அடி தாங்கறதுக்குனு டெஸ்ட் பண்ணின ஹெல்மெட், இது சின்ன விஷயம் இல்ல, தலைகீழா, உக்காந்தபடினு பறக்கற ஃப்ரீஃபிளை பண்றவன் முட்டி வந்து மண்டையில இடிச்சா அப்பத் தெரியும் அருமை. ஆனா இதெல்லாம் உருண்டையான ஓடு. கேமராவைப் பிடிச்சுக்கற தட்டையான மவுன்ட்டை உருண்டை மேல ஒட்டினா ஓரத்துல இடைவெளி நிக்கும், நடுவுல மட்டும்தான் பசை பிடிக்கும். வளைஞ்ச மவுன்ட்தான் வேணும், அதுவும் அந்த ஓட்டோட வளைவுக்கு ஒத்து வரணும். இன்னொண்ணு, ஃபுல் ஃபேஸ் போட்டுக்கிட்டு கண்ணை மூடி, கையில க்ளவுஸோட, ஒரே கையால அதைக் கழட்டிப் பாருங்க. என்னால எட்டு செகண்டுக்குள்ள முடியல. 2,500 அடியில லைன்ல மாட்டிக்கிட்டு நிக்கறப்ப எட்டு செகண்டுங்கறது பெரிய சொத்து.

பசை பத்தி ஒரு வார்த்தை. மவுன்ட்டை ஒட்டற 3எம் விஹெச்பி ரெட்டைப் பக்க டேப் ஒட்டின இருவது நிமிஷத்துல பாதி பலம்தான் பிடிக்கும், ஒரு நாள் ஆனா தொண்ணூறு சதவீதம், மூணு நாள் ஆனாத்தான் முழுசு. இதைப் படிக்காம ராத்திரி ஒட்டிட்டு விடியக்காலம் முதல் ஃப்ளைட்ல ஏறினேன். என் ரெண்டாவது கோப்ரோ இன்னும் எலாய் பருத்திக் காட்டுல எங்கயோதான் கெடக்குது. கீழ யாரும் இல்லாததால சிரிக்கறோம், இல்லாட்டி சிரிக்க முடியாது. அப்ப கயிறு போட்டு கட்டிடலாமேனு தோணும், அந்தக் கயிறே இன்னொரு மாட்டற இடம் ஆயிடும், வளையம் தொங்கற மாதிரி கயிறு கட்டவே கட்டாதீங்க.

ரெண்டாவது, கேமரா ஹெல்மெட். குக்கி ஃப்யூல், கலிஃபோர்னியா பெரிஸ்ல இருக்கற போன்ஹெட்டோட ஃப்ளாட் டாப், இத்தாலி டான்ஃப்ளையோட சிசி1 இந்த ரகம். மேல தட்டையா இருக்கும், அதனால பிளேட் பொத்துனாப்புல உக்காரும், ஓரத்துல நகம் கூட நுழையாது. முக்கியமா தாடையைப் பிடிக்கற சின் கப், அதுல ஒரே இழுப்புல விட்டுப் போற 'கட்-அவே' வச்ச மாடல் கெடைக்குது. கேமராவோட சேத்து மொத்த ஹெல்மெட்டும் லைன்கிட்டயே போயிடும், கழுத்து நம்மகிட்ட இருக்கும். காசு போச்சுனு அப்புறமா அழுதுக்கலாம். காதுக்குப் பக்கத்துல உயரத்தை பீப் அடிச்சுச் சொல்ற ஆடிபிள் ஆல்டிமீட்டர் வைக்க பாக்கெட்டும் இருக்கும்.

குறை? மூஞ்சி தொறந்து இருக்கும், கனமான கேமரா வச்சா கொஞ்சம் லூஸா இருந்தாலும் ஆடும். பெரும்பாலானது காத்துக்கும் கேமராவுக்கும் செஞ்சது, அடி தாங்கறதுக்கு இல்ல, வாங்கறப்ப அதைக் கேட்டுக்கங்க. கார்பன் ஃபைபர்னா பலம்னு நெனச்சுக்கறாங்க, ஓடு உடையாது சரி, உள்ள அடிய வாங்கிக்கற ஃபோம் இல்லாட்டி அந்த அடி நேரா மண்டைக்குத்தான்.

மூணாவதுதான் என் பழைய காதல், நாமளே கட்டறது. ஒரு காலத்துல எல்லாருமே இப்படித்தான், 60, 70கள்ல கார்ல் போனிஷ் மாதிரி ஸ்கைடைவிங் படம் எடுத்த ஆளுங்க ஃபிலிம் கேமராவையே ஹெல்மெட்ல பொருத்திக்கிட்டு குதிச்சாங்க, அப்ப கடையில எதுவும் விக்கல. அந்த ஏழு டேப் வாங்கின என் முதல் ஹெல்மெட்டும் இப்படிக் கட்டினதுதான்: ஒரு ஸ்கேட்போர்டு ஹெல்மெட் எடுத்தேன், மேல ஒரு அலுமினிய பிளேட், நாலு போல்ட். பாக்க ஜம்முனு இருந்துச்சு. ரிக்கர் அதைக் குப்புறத் திருப்பி உள்ள விரல விட்டுக் காமிச்சாரு, போல்ட்டோட நாலு முனையும் நட்டைத் தாண்டி அரை இன்ச் நீட்டிக்கிட்டு என் உச்சந்தலையப் பாத்து நிக்குது! ஃபோமுக்கு அடியில மறஞ்சிருந்ததால நான் கவனிக்கல. தலை இடிச்சா நானே எனக்கு ஆணி அடிச்ச கதை ஆயிருக்கும். போல்ட் போட்டே ஆகணும்னா தலைப்பகுதி உள்பக்கம், தட்டையா, நட்டு வெளிய வரணும், நட்டை அப்புறம் எபாக்ஸி புட்டி வச்சு மூடிடணும். பிளேட்டோட ஓரம் பூரா அதே புட்டியால சரிவா பூசி, காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேச்சா நாடா வழுக்கிட்டுப் போகும். என் ஏழு டேப்ல அஞ்சு இந்த ஒரு வேலையிலயே காணாமப் போச்சு.

3டி பிரின்ட் பண்றவங்களுக்கு: பிஎல்ஏ பிளாஸ்டிக் வேணாம். அது 60 டிகிரி பக்கத்துலயே இளகிடும், அரிசோனா வெயில்ல கார் டேஷ்போர்டுல வச்சுட்டு சாப்பிடப் போனேன், திரும்பி வந்தா மவுன்ட் வெயில்ல போட்ட அப்பளம் மாதிரி வளைஞ்சு கெடக்கு. பெட்ஜியோ ஏஎஸ்ஏவோ போடுங்க.

இப்ப கேமராவை எங்க வைக்கறது. வயித்தைக் கீழ வச்சு விழறப்ப வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் சுத்தி இருக்கும். அந்த வேகத்துல கோப்ரோ முகத்துல அடிக்கற காத்து சுமாரா அரை கிலோ எடை அளவுக்குத் தள்ளும். அது தாடையில இருந்தா காத்துக்கு நேரா நிக்கும், ஆனா கழுத்துக்குக் கிட்ட இருக்கறதால பெருசா ஆட்டாது, நம்ம கண்ணு பாக்கறது அப்படியே வரும். லைன் சிக்கறதும் ஒப்பீட்டுல கம்மி, மாட்டினாலும் கண்ணு முன்னாலயே தெரியும். உச்சந்தலையில வச்சா ஃப்ரேம் அழகு, பக்கத்துல பறக்கறவன் முழுசா வருவான், ஆனா கம்பு நுனியில வச்ச கல்லு மாதிரி கழுத்தை இழுக்கும், அதோட பாராசூட் விரியறப்ப லைனுங்க போற பாதை அதுதான். பக்கவாட்டுல வச்சா எனக்கு சுத்தமா பிடிக்காது. லைன் ட்விஸ்ட் விழுந்தா, அதாவது கயிறுங்க முறுக்கிக்கிட்டா, லைனுங்களைத் தோளோட இணைக்கற பட்டையான ரைசர் ரெண்டும் காதோட ஒட்டி வரும், அப்ப அந்தப் பெட்டியில ரைசர் இடிச்சு தலையைத் திருப்ப விடாம பிடிச்சுக்கும்.

கனம் பத்தி சொல்றப்ப பாராசூட் விரியற ஓப்பனிங்க மறக்கக் கூடாது. ஹெல்மெட்டும் கேமராவும் சேந்து ரெண்டு கிலோனு வைங்க, ஓப்பனிங் இழுப்பு நாலு ஜினா, அதாவது எடை நாலு மடங்கா ஆனா, கழுத்துக்கு அது எட்டு கிலோ. ஒரு ஓப்பனிங் முரட்டுத்தனமா வந்தா கணக்கு எங்கயோ போயிடும். அதான் பயணியைக் கட்டிக்கிட்டுக் குதிக்கற டாண்டம் ஜம்பை ஷூட் பண்றவங்க மெதுவா விரியற பாராசூட்டா பாத்து வாங்கறாங்க, பாராசூட்டை விரிக்க இழுத்ததும் அடிவானத்தைப் பாத்து தலையை நேரா வச்சுக்கறாங்க. மேல என்ன ஆச்சுனு அண்ணாந்து பாக்கற பழக்கம் இருந்தா அதை விட்டுட்டு அப்புறம் கேமரா மாட்டுங்க.

ஸ்டில் கேமரா ஆசை இருக்கறவங்களுக்கு முதல் வழியும் மூணாவது வழியும் வேலைக்கே ஆகாது, கேமரா ஹெல்மெட்தான். சோனி ஏ6000 பேட்டரியோட 344 கிராம், அதான் அவ்ளோ பேர் தலையில இருக்கு. கையால திருப்பற ஜூம் லென்ஸ்னா ஜூமை அகலமான முனையில வச்சு ஃபோகஸையும் மேனுவல்ல செட் பண்ணி ரெண்டு வளையத்தையும் டேப் சுத்திடுங்க, இல்லாட்டி காத்தே திருப்பிடும். ஷட்டரை அழுத்தறதுக்கு கை கெடையாது, வாயில கடிக்கற பைட் சுவிட்ச்தான், அதோட ஒயரை ஹெல்மெட்டுக்குள்ளயே ஓட்டி கன்னத்துக்குக் கிட்ட மட்டும் வெளிய எடுங்க. எங்க குறி வச்சிருக்கோம்னு தெரிய கண்ணு முன்னால ரிங்சைட், அதாவது ஒரு குட்டி வளையம். செட் பண்றது சுலபம்: சுவத்துல டேப்பால ஒரு பெருக்கல் குறி போடுங்க, மூணு மீட்டர் தள்ளி ஹெல்மெட்டோட நின்னு ரிங்குக்கு நடுவுல குறியைக் கொண்டு வாங்க, அப்படியே அசையாம இருங்க, கூட இருக்கறவர் கேமரா ஸ்கிரீனைப் பாத்து குறி நடுவுக்கு வர்ற வரைக்கும் பிளேட்டுக்கு அடியில மெல்லிசா அடை குடுத்துச் சரி பண்ணட்டும். கோப்ரோவுக்கு ரிங்சைட் எதுவும் வேணாம், அதோட அகலத்துக்கு மூக்கு இருக்கற பக்கம் திரும்பினாப் போதும், படம் தலைகீழா திரும்பாம ஓரியன்டேஷன் லாக் மட்டும் போட்டுடுங்க. 4கேல ஓட விட்டா ஃப்ளைட் ஏறறப்பவே சூடாகி அணஞ்சு போகலாம், கதவு தொறக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னால ஆன் பண்ணினாப் போதும்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: ஹெல்மெட்டைக் கடையில வாங்கு, உள்ள பேடிங்கையும் மவுன்ட் ஓரத்தையும் நீயே கட்டு. கட்-அவே இருக்கற ஓப்பன் ஃபேஸ், முதல் அம்பது ஜம்புக்கு ஒரே ஒரு கோப்ரோ, ஸ்டில் அப்புறம். ஃப்ரீஃபிளை மட்டும்தான், வீடியோ நினைவுக்குத்தான்னா ஃபுல் ஃபேஸ்ல தாடையில வச்சுக்க, அதையும் குறை சொல்ல மாட்டேன். பழசு கெடைச்சா வாங்கலாம், பாதி விலைக்கே வரும். ஆனா பேடிங்கை உரிச்சு எடுத்துட்டு ஓட்டோட உள்பக்கத்தைப் பாத்துடு, முந்தி இருந்தவன் போட்ட ஓட்டைங்க எத்தனை, அதுல இருந்து விரிசல் ஓடுதானு. கட்-அவே கேபிளை அங்கயே ஒரு தடவ இழுத்துப் பாரு, துரு பிடிச்சு இறுகிப் போனதை ரெண்டு தடவ நானே பாத்திருக்கேன்.