‘தான்’ வழியாக ‘ஜிபுன்’: மதுரை கே.கே. நகரில் ஒரு ஜப்பானிய இலக்கண வகுப்பு

ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் (ஜே.எல்.பி.டி.) நடுநிலையான என்3-க்குப் படிப்பவர்களுக்கான ஞாயிறு வகுப்பு. கொடுத்த காசுக்குத் தகுந்தது, ‘தான்’ என்று பொருள்படும் ‘ஜிபுன்’ பாடம்தான். ஆங்கில ‘செல்ஃப்’ பக்கம் போகாமல் நேராக நம் ‘தான், தன்’னில் தொடங்குகிறார்கள். சரியான வழி அதுதான். இரண்டுமே எழுவாயைத் தேடிப் போகும் சொற்கள். வாக்கியத்துக்குள் வாக்கியம் இருந்தாலும் வெளி எழுவாய்வரை எட்டும்.

பலகையில் எழுதியது: ‘தாரோ வா, ஹனாகோ கா ஜிபுன் நி காஷிதெ குரெதா ஓகனெ ஓ நகுஷிதா.’ ஹனாகோ தனக்குக் கடனாகத் தந்த பணத்தைத் தாரோ தொலைத்துவிட்டான். ‘குரெதா’வுக்குப் பதில் ‘யத்தா’ போட்டால் வாக்கியம் இடறும். இரண்டும் ‘கொடுத்தல்’தான்; ‘குரெரு’, ‘யரு’ என்னும் வினைகளின் இறந்தகாலம். ‘குரெரு’ வாங்குகிறவர் பக்கம் நின்று பார்க்கிறது, ‘யரு’ கொடுக்கிறவர் பக்கம். ‘ஜிபுன்’ ஏற்கெனவே தாரோவின் கண்ணோடு பார்க்கிறது. ஒரே இடத்தில் இரண்டு பார்வை ஒட்டாது. மொழியியலாளர்கள் சுசுமு குனோவும் எத்சுகோ கபுராகியும் 1977-இல் விளக்கியது இதைத்தான்.

இதற்குத் தொல்காப்பியத்தைத் துணைக்கு அழைத்தது அருமை: தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு, கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்கு. அப்படியே பொருத்திவிடவும் கூடாது. ‘நான் உனக்குத் தருகிறேன்’ என்பதற்கு ‘குரெரு’ வராது.

பெரிய குறை, தமிழின் துணைவினையான ‘கொள்’ளைத் தொடவே இல்லை. ‘செல்வி தன்னைத் திட்டினாள் என்று முருகன் நினைத்தான்’ என்றால் திட்டு வாங்கியது முருகன். செல்வி தன்னையே என்றால் ‘திட்டிக்கொண்டாள்’ என்போம். ஜப்பானியத்தில் அந்தக் ‘கொள்’ இல்லை. ‘தாரோ வா, ஹனாகோ கா ஜிபுன் ஓ செமெதா தோ ஒமொத்தா’ என்பதில் ஹனாகோ குறை சொன்னது தாரோவையா, தன்னையேவா? இரண்டும் பொருந்தும். ஹனாகோவையே சுட்ட ‘ஜிபுன் ஜிஷின்’ என்று சேர்ப்பது நல்லது. பயிற்சித்தாளில் இது இல்லாததால், தமிழ்ப் பழக்கத்தில் எல்லோரும் தாரோ என்றே விடை எழுதுகிறார்கள்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. ‘நான் தன்னை’ என்று தமிழில் வராது; ‘வதாஷி வா ஜிபுன் ஓ’ தாராளமாக வரும். ஒசாகா பக்கம் ‘ஜிபுன்’ என்றால் பேச்சில் ‘நீ’ என்றும் பொருள். வேலைக்கு அங்கே போகிறவர்களுக்காவது அதைச் சொல்லி அனுப்பலாம்.

மாடியறை, சித்திரை வெயிலுக்குக் காலை வகுப்பே மேல். வினையோடு வினை சேர்க்க உதவும் ‘தெ’ வடிவம் கைவராதவர்கள் அதை முடித்துவிட்டுச் சேருங்கள். ‘காஷிதெ’யிலேயே தடுக்கினால் ‘குரெரு’ காதில் ஏறாது.