ஈயா, புழுவா? மரபியல் ஆய்வகத்தில் இரண்டையும் வளர்த்துப் பார்த்த பிறகு

தருமபுரியில் மரபியல் செய்முறை வகுப்பு எடுப்பவருக்கு முதலில் தோன்றுவது பட்டுப்புழுதான். ஊரிலேயே அரசு பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து வரும் மாணவர்களில் சிலருக்கு வீட்டிலேயே புழு வளர்ப்பு மனை உண்டு. நானும் அதைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தேன். ஓர் ஆண்டு புழு, அடுத்த இரண்டு ஆண்டுகள் பழ ஈ. இப்போது யாராவது கேட்டால் தயங்காமல் ஈ என்று சொல்வேன்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டப்பாவில் சிவப்பு மணியும் வெள்ளை மணியும் போட்டு எடுத்து மெண்டலின் 3:1 விகிதத்தைக் காட்டுவது நிகழ்தகவுப் பாடம். அதில் உயிர் இல்லை. வெங்காய வேர் நுனி செல் பிரிதலுக்கு அவசியம் வேண்டும், ஆனால் அதில் ஒரு பண்பு தலைமுறை தாண்டிப் போவதைப் பார்க்க முடியாது. மக்காச்சோளக் கதிரில் நிற மணிகளை எண்ணுவது நல்ல பயிற்சிதான். ஆனால் இரு வகைகளைக் கலக்கும் வேலையை யாரோ எங்கோ செய்து முடித்திருப்பார்கள், மாணவர் எண்ணுவதோடு சரி.

பட்டுப்புழுவின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மெண்டலின் விதிகள் பட்டுப்புழுவுக்கும் பொருந்தும் என்று ஜப்பானின் தோயாமா கமெதாரோ 1906இல் காட்டினார். இன்று விவசாயி வாங்கும் கலப்பின முட்டைக்கு அடித்தளம் அந்த வேலைதான். புழுவைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், நுண்ணோக்கி வேண்டாம். நம்மிடம் ஆணுக்கு எக்ஸ், ஒய் என்று இருவேறு குரோமோசோம்கள் இருப்பதைப்போல, பட்டுப்பூச்சியில் பெண்ணுக்கு இசட், டபிள்யூ என்று இருவேறாக இருக்கும். இதைப் புழு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஆய்வகம் என்பது பராமரிப்பு. ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் வேறு எந்த நன்மையும் கணக்கில் வராது.

பட்டுப்புழு மல்பெரி இலையைத் தவிர வேறெதையும் சாப்பிடாது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை புது இலை வேண்டும். நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வந்தபின் அதன் பசி சொல்லி மாளாது. வாழ்நாளில் ஒரு புழு தின்பது ஏறக்குறைய 20 கிராம் இலை, அதில் பெரும்பகுதி இந்தக் கடைசி வாரத்தில்தான். ஒரு தாய்ப்பூச்சி 400 முட்டை இட்டால் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்: 8 கிலோ இலை. எங்கள் புழுக்கள் ஐந்தாம் பருவத்துக்கு வந்தது சரியாகப் பொங்கல் விடுமுறையில். வளாகம் பூட்டியிருந்தது. வாயிற்காவலரிடம் சொல்லி, முதல் நாள் பறித்து ஈரத்துணியில் சுற்றிய இலையைக் காலையும் மாலையும் போட்டோம். மூன்றாம் நாள் தட்டின் ஓரத்தில் சில புழுக்கள் உடல் வீங்கி, தோல் பளபளத்து ஊர்ந்துகொண்டிருந்தன. தொட்டதும் தோல் கிழிந்து பால்போல் வடிந்தது. பால்புழு நோய். அடுத்த வாரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டன. அவற்றை வளர்த்த மாணவி சுண்ணாம்புத் தூளைத் தூவியபடி ஒன்றும் பேசாமல் நின்றாள். அவள் வீட்டில் புழு வளர்க்கிறார்கள். அது என்ன நோய் என்று எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.

நோய் வராமல் இருந்திருந்தாலும் ஒரு கல்லூரிப் பருவத்துக்குள் அடக்குவது கடினம். முட்டையிலிருந்து பூச்சிவரை 45 முதல் 50 நாள். இரண்டு தலைமுறைக்கு 90 முதல் 100 நாள்; 90 வேலை நாட்கள் கொண்ட கல்லூரிப் பருவத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். நாங்கள் எடுத்த கலப்பும் தொடக்க நிலைக்கு ஏற்றதல்ல என்று பிறகுதான் புரிந்தது. மஞ்சள் கூடு கட்டும் பியூர் மைசூர் தாயையும் வெள்ளைக் கூடு கட்டும் சி.எஸ்.ஆர்.2 தந்தையையும் சேர்த்தால் முதல் சந்ததி மஞ்சள், அதுவரை அழகு. கூட்டின் நிறத்துக்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் இருப்பதால், இரண்டாம் சந்ததியில் பாடப்புத்தகத்தின் 3:1 துல்லியமாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இதற்கு மேல், வெண்பட்டு இனத் தாயின் முட்டை உறங்கிவிடும்; அமிலத்தில் நனைத்துத்தான் எழுப்ப வேண்டும்.

இனி ஈ. தமிழில் பழ ஈ என்றதும் கிருஷ்ணகிரி மாணவர்கள் மாங்காயைத் துளைக்கும் ஈயை நினைக்கிறார்கள். அது வேறு குடும்பம். நாம் வளர்ப்பது அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றும் சின்னஞ்சிறு டிரோசோபிலா. பண்பு தெரிந்த ஈ வகைகளுக்கு மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் டிரோசோபிலா இருப்பு மையம் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. உணவு நம் அடுப்படிச் சரக்கு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் 10 கிராம். காய்ச்சி, சற்று ஆறியதும் பூஞ்சை வராமல் இருக்க 7.5 மில்லி புரோப்பியானிக் அமிலம். புட்டிகளில் ஊற்றி, மேலே துளி ஈஸ்ட், வாய்க்குப் பஞ்சு. ரவைக்குப் பதில் கேழ்வரகு மாவு போட்டும் பார்த்தோம், ஈக்கள் வந்தன. ஒரே ஒரு முறைதான் என்பதால் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தப் புட்டியை இரண்டு வாரம் யாரும் தொட வேண்டாம். என் முடிவுக்குக் காரணம் இதுதான். 25 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை. 18 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய இரட்டிப்பு நாள் எடுக்கும். தீபாவளியோ பொங்கலோ, பூட்டிவிட்டுப் போய்த் திரும்பி வந்து புதுப் புட்டிக்கு மாற்றினால் போதும். நேரம் தவறக்கூடாத வேலை ஒன்றே ஒன்று, கன்னி ஈக்களை, அதாவது இன்னும் இணைசேராத பெண் ஈக்களைப் பிரிப்பது. பெண் ஈ வெளிவந்து எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். காலை ஒன்பதுக்குப் புட்டியிலிருக்கும் ஈக்கள் அனைத்தையும் அகற்றிவிட்டு மாலை நான்குக்குப் பிரித்தால் ஏழு மணி நேரம்தான். கல்லூரி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. மயக்க ஈத்தர் வேண்டாம். பனிக்கட்டிமேல் வைத்த கண்ணாடித் தட்டில் ஈக்கள் அசையாமல் கிடக்கும்.

வெள்ளைக்கண் பெண் ஈயையும் சிவப்புக்கண் ஆண் ஈயையும் சேர்த்தோம். முதல் சந்ததியைத் தட்டில் கொட்டித் தூரிகையால் ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்த மாணவன் திடீரென்று கையை நிறுத்தினான். ஆண் ஈயின் முன்னங்காலில் இருக்கும் கரிய சீப்பை மறுபடியும் லென்ஸில் பார்த்தான். "மேடம், அம்மாவின் கண் மகனுக்கும் அப்பாவின் கண் மகளுக்கும் போயிருக்கிறதே!" என்றான். 1910இல் அமெரிக்க மரபியலர் மார்கன் வெள்ளைக்கண் ஈயை வைத்துக் கண்டறிந்த எக்ஸ் குரோமோசோம் மரபு அவன் வாயிலேயே வந்துவிட்டது. நான் கரும்பலகைப் பக்கம் போகவே இல்லை.

எண்ணிக்கையும் ஈக்குத்தான் சாதகம். இறகு சுருங்கிய ஈயைக் கலந்து இரண்டாம் சந்ததியில் 400 ஈக்களை எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்பு 300, 100. வந்தது 316, 84 என்றால், எண்ணிக்கை எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் கைவர்க்க மதிப்பு 3.41; தற்செயல் விலகல் என்று ஏற்கும் எல்லையான 3.84க்குள் இருக்கிறது. 320, 80 என்றால் 5.33; தாண்டிவிட்டது. நான்கு ஈக்கள் மாறியதில் முடிவு மாறுகிறது. தங்கள் கையால் எண்ணிய ஈக்கள் என்பதால் மாணவர்கள் திரும்ப எண்ணத் தயங்குவதில்லை.

ஈயிலும் குறை உண்டு. முதல் குறை வெயில். 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகத் தொடங்கும். தருமபுரியின் ஏப்ரல் அதற்கு மேல்தான். ஈரமணல் நிரப்பிய மண்தொட்டியில் புட்டிகளைப் புதைத்து ஓர் ஏப்ரலை ஒப்பேற்றினோம். அடுத்த ஏப்ரலில் ஒரு வகை முழுதும் போய்விட்டது. கலப்புகளைச் சூலை முதல் அக்டோபருக்குள் முடித்துவிடுவது நல்லது. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் இந்தத் தொல்லை குறைவாக இருக்க வேண்டும். நான் அங்கே வளர்த்ததில்லை. இரண்டாவது குறை, மாம்பழக் காலத்தில் காட்டு ஈக்கள் ஆய்வகத்துக்குள் வந்துவிடும். பஞ்சு தளர்ந்திருந்த வெள்ளைக்கண் புட்டி ஒன்றில் ஒரு நாள் சிவப்புக்கண் ஈக்கள் நடமாடின. அந்தப் புட்டியை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம்.

பட்டுப்புழுவை முழுக்க விட்டுவிடவும் இல்லை. ஒரு பிற்பகலுக்கு மட்டும் பியூர் மைசூர், சி.எஸ்.ஆர்.2, இரண்டின் கலப்பு என மூன்று வகைக் கூடுகளை மேசையில் வைக்கிறேன். ஒரு பண்பு மற்றதை மறைக்கும் ஓங்குதன்மையை விளக்க அதுவே போதும், இலை பறிக்க வேண்டாம். மல்பெரித் தோட்டமும் நாள்தோறும் வர ஓர் ஆளும் உள்ள கல்லூரி என்றால் என் கணக்கு மாறலாம். மூன்று மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் சேர்ந்து கடத்தப்படும் பிணைப்பைக் காட்டும் மும்முனைக் கலப்புச் சோதனையை ஈயில்கூட ஒரு முறைதான் செய்திருக்கிறேன். ஆண் ஈயில் குறுக்கேற்றம் (இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடப்பதில்லை என்பதால் இருவகை மரபணுவும் கொண்ட ஈயைப் பெண்ணாகவே எடுக்க வேண்டும். அதை ஒரு குழு மாற்றிச் செய்துவிட்டது. இந்த ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் செய்கிறோம்.