அரை டன் தூண் வகை ஜிப் கிரேன்: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் பட்டறையில், பம்பு வார்ப்புகளைச் செங்குத்து லேத்தில் ஏற்றி இறக்குவதற்காக, 500 கிலோ திறனும் 4 மீட்டர் கையும் கொண்ட தூண் வகை ஜிப் கிரேன் (தரையில் நிறுத்திய தனித் தூணிலிருந்து கிடைமட்டக் கை நீண்டு சுழலும் பாரந்தூக்கி) ஒன்றை நிறுவிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. முன்பெல்லாம் 280 கிலோ வார்ப்பு ஒன்றைச் சக்கில் (லேத்தில் வேலைப்பொருளைப் பிடிக்கும் பகுதியில்) வைப்பதற்கு, கூடம் முழுமைக்கும் பொதுவான இ.ஓ.டி. கிரேன் (கூரையடியில் தண்டவாளத்தில் ஓடும் மின் கிரேன்) எப்போது ஓய்வாகும் என்று லேத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அந்தக் காத்திருப்பு இப்போது அறவே இல்லை.

எந்த வகையை வாங்குவது என்பதில்தான் தடுமாறினோம். விற்பனையாளர் முதலில் பரிந்துரைத்தது, கட்டடத்தின் தூணிலேயே பொருத்தும் சுவர் வகையை. அடித்தளம் தோண்ட வேண்டியதில்லை, தரையில் இடம் பிடிக்காது, விலையும் குறைவு. அரைவட்டம்தான் சுழலும் என்பது எங்கள் வேலைக்கு ஒரு குறையே அன்று. ஆனால் 500 கிலோ சுமையும் அதை ஏற்றி இறக்கும் 50 கிலோ ஹாய்ஸ்ட்டும் கையின் நுனியில் தொங்கும்போது 2.2 டன்-மீட்டர் திருப்புத்திறன் (எடை × தூரம்) உண்டாகிறது. ஒரு மீட்டர் இடைவெளியில் மேலும் கீழுமாக கையைத் தூணில் பிடிக்கும் இரண்டு பிராக்கெட்டுகள் என்றால், மேலது தூணை 2.2 டன் விசையுடன் இழுக்கும், கீழது அதே அளவு தள்ளும். கையின் சொந்த எடை இக்கணக்கில் சேரவில்லை. கூரைத் தகட்டையும் காற்றையும் மட்டும் கருதி நிறுத்தப்பட்ட எங்கள் தூண்களில் அதைப் பொருத்தக் கட்டடப் பொறியாளர் ஒப்பவில்லை; விற்பனையாளரோ அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இடையில் கட்டடத் தூண் குறுக்கிட்டால் அதைச் சுற்றி வளைந்து செல்லும், நடுவில் மூட்டுள்ள இரட்டைக் கை வகையையும் பார்த்தோம். அழகான கருவிதான், எங்களுக்குக் குறுக்கே எதுவும் இல்லாததால் விட்டுவிட்டோம்.

கிரேனில் எனக்குக் குறை இல்லை, நிறுவிய விதத்தில் உண்டு. தூண் நூல்பிடித்தாற்போல் நிற்காததால், நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டிய கை, சுமையுடன் தானாகவே சரிவுப் பக்கம் நகர்ந்து சென்றது. பிரேக்கை இறுக்கிவிட்டால் போதும் என்றார் வந்த ஃபிட்டர். போதவில்லை. தூணின் அடித்தட்டுக்கும் அடித்தளத்துக்கும் இடையே நிரப்பியிருந்த காரையை உடைத்தெடுத்து, அடித்தளத்தில் பதித்த ஆங்கர் போல்ட்டின் கீழ் நட்டுகளைத் திருகித் தூணை நேர்ப்படுத்தி, சுருங்காத காரையை மறுபடி ஊற்றிய பிறகுதான் அது அடங்கியது. மீண்டும் 625 கிலோ (திறனைவிடக் கால் பங்கு கூடுதல்) வைத்துச் சோதித்த பின்னரே வேலைக்கு விட்டோம். காரை ஊற்றும் முன் இரு திசைகளிலும் தூக்குக்குண்டு பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: ஹாய்ஸ்ட்டைச் சுமந்து கையில் ஓடும் டிராலி தூணை ஒட்டி வராது. எங்கள் கிரேனில் தூணிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் வரை கொக்கி எட்டாது என்பதால், வார்ப்புகள் வரும் பலகையை அந்த வட்டத்துக்கு வெளியே வைக்கும்படி தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம்.